சமன்பாட்டில் இல்லாத எழுத்து

"உண்மை ஒருநாள் வென்றே தீரும், அதற்கு நாம் ஏன் ஓயாது உழைக்க வேண்டும்?"

பகுத்தறிவு பேசும் இளைஞர் சிலரின் நாவிலிருந்தே வருகிறது இந்தப் பேச்சு. கேட்க இனிக்கிறது, ஆனால், உறங்கவைக்கும் இனிப்பு! உண்மை தானே வெல்லும் என்று எவர் உரைத்தார்? எந்தக் கணக்கு உறுதி கூறிற்று?

செஞ்சிக் கோட்டையைக் காணுங்கள். 1677-இல் சிவாஜி கைப்பற்றினார். 1698-இல் முகலாயர் பிடித்தனர். 1750-இல் பிரெஞ்சுக்காரர் ஏறினர். 1761-இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. இராசகிரி உச்சியிலே கொடி மாறியபோதெல்லாம் அடிவாரத்து உழவன் தன் கொள்கையை மாற்றிக்கொண்டானா? இல்லை! கோட்டையைப் பிடிக்க வாள் போதும். கருத்தைக் கவர வாள் போதாது.

அதே செஞ்சியின் அருகே திருநாதர்குன்று. பாறையிலே 24 தீர்த்தங்கரர் உருவங்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்த சந்திரநந்தி ஆசிரியரை நினைவூட்டும் பழங்கல்வெட்டு. பக்தி வெள்ளம் பாய்ந்து வந்து சமணத்தைப் பின்தள்ளிற்று. ஆயினும், மேல்சித்தாமூரிலே மடம் இருக்கிறது. தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கின்றனர். கோட்டை கொண்ட அரசுகள் மறைந்தன. கோட்டையில்லாக் கொள்கை நிலைத்தது. எங்ஙனம்?

கணக்கைக் கேட்போம். 1927-இல் கெர்மாக், மெக்கென்ட்ரிக் எனும் அறிஞர் இருவர் தொற்றுநோய் பரவும் முறைக்குச் சமன்பாடு வகுத்தனர். பின்வந்தோர் அதனைக் கருத்துக்கும் பொருத்தினர். ஒருவர், தாம் சோர்ந்து விலகுமுன் இருவரை ஈர்த்தால், ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்தாம் படியிலே 1024 ஆகும். இருவர் சேர்ந்து ஒருவரையே ஈர்த்தால், 100 பேர் 50 ஆகி, 25 ஆகி, இல்லாதொழிவர். ஒரே மக்களை நாடி இரு கருத்துகள் மோதினால், எல்லோரும் எல்லோரோடும் பழகும் ஊரிலே, ஈர்ப்பு மிக்கது மற்றதைத் துடைத்துவிடும். மக்கள் குழுக்குழுவாகப் பழகினாலோ, சிறு கருத்தும் தன் வட்டத்துள் வேரூன்றி நிற்கும். மேல்சித்தாமூரிலே மடமும் குடும்பமும் ஏடும் விழாவும் அந்த வட்டத்தை வளைத்துக் காத்தன.

இப்போது அந்தச் சமன்பாட்டை உற்று நோக்குங்கள். பழகும் வேகத்துக்கு ஓர் எழுத்து உண்டு. விலகும் வேகத்துக்கு ஓர் எழுத்து உண்டு. உண்மைக்கு? எழுத்தே இல்லை! மெய்யும் பொய்யும் அதன்முன் ஒன்றே.

சாதி, தொட்டிலிலே பேசத் தொடங்குகிறது, மணப்பந்தலிலே பேசுகிறது, சுடுகாட்டிலும் பேசுகிறது. மூடநம்பிக்கை கைப்பேசி வழியே நொடிக்கு நொடி வீடு நுழைகிறது. நாமோ, ஆண்டுக்கொரு கூட்டம் நடத்தி, நம்மவர் கைதட்ட நாமே மகிழ்ந்து, "இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே!" என்று வாய்மூடுகிறோம். இந்த மௌனத்துக்கும் கணக்கு உண்டு. அறிந்தவர் அறிந்தவரையே சந்தித்துப் பேச்சை நிறுத்திக்கொள்வதால், செய்தி ஓய்ந்தபின்பும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அதைக் கேளாமலே நின்றுவிடுவர் என்று 1964-இல் டேலி, கெண்டல் இருவரும் கணித்துக் காட்டினர். அந்த ஐந்தாமவர் எவர்? நாம் காலடி வைக்காத சேரியிலே, நாம் பேசாத அடுக்களையிலே இருப்பவர்!

"மனிதன் என்ன கிருமியா?" எனக் கேட்பீர். அல்லன், ஆராய்பவன். அங்கேதான் உண்மைக்கு வாயில் திறக்கிறது. கூட்டத்தைக் கண்டு வந்தவன், வேறொரு பெருங்கூட்டத்தைக் கண்டால் போய்விடுவான். கேட்டு, மறுத்து, வாதாடித் தெளிந்து வந்தவன் எளிதில் விலகான். அவனிடம் விலகும் வேகம் குறைகிறது. உண்மையின் வலிமை அதுவே. ஆனால், அவனைச் சந்திக்கும் பணியை உண்மை செய்யாது. கால் இல்லை அதற்கு, நமக்கு இருக்கிறது!

ஆகவே, தோழர்களே, ஒப்புக்கொள்பவரிடம் ஒன்பது முறை பேசியது போதும். மறுப்பவரிடம் ஒருமுறை செல்லுங்கள். அவர் கேள்விக்கு விடை கூறுங்கள். சமன்பாட்டில் இல்லாத அந்த எழுத்தை எழுத வேண்டியவர் நாமே!