அய்யலூர்க் காடு யாருக்காகத் திறக்கப்பட வேண்டும்?

திண்டுக்கல்லுக்கு வடகிழக்கே அய்யலூரை ஒட்டி எழும் வறண்ட குன்றுகளையும் கரூர் மாவட்டத்துக் கடவூர் மலைகளையும் சேர்த்து, 11,806 எக்டேர் பரப்புள்ள காட்டைத் தமிழ்நாடு அரசு 2022 அக்டோபரில் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தது. நாட்டிலேயே தேவாங்குக்கென அமைந்த முதல் சரணாலயம் அது. அதைப் பொதுமக்கள் கண்டு மகிழத் திறப்பதே முறை. ஆயினும் யார், எத்தனை பேர், எவ்வாறு நுழைவது என்பதைக் காட்டின் இயல்பே முடிவு செய்ய வேண்டும், சுற்றுலா வருவாய் அன்று.

இங்கே காக்கப்படும் உயிரைப் பார்த்தாலே இதன் காரணம் விளங்கும். ஒரு சாணுக்குச் சற்றே கூடிய நீளமுள்ள தேவாங்கு, பகலெல்லாம் உசிலை, வேல மரங்களின் அடர்ந்த கிளைகளில் சுருண்டு உறங்கி, இருட்டிய பின் கிளைகளைக் கைகளாலும் கால்களாலும் மாறி மாறிப் பற்றி ஓசையின்றி நகர்ந்து, பயிரை அழிப்பவை உட்பட பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். தாவிக் குதிக்காத விலங்காதலால், மரங்களின் கிளைகள் ஒன்றோடொன்று தொடுவது அதற்கு இன்றியமையாதது; சாலையோ வெட்டுத்தடமோ அத்தொடர்ச்சியை அறுத்துவிட்டால் அது தரையிறங்கி, வாகனச் சக்கரங்களுக்கும் நாய்களுக்கும் இரையாகிறது. ஆகவே வாகன நிறுத்தம், அகலச் சாலை, விடுதி ஆகியவற்றைக் காட்டுக்குள் கொண்டுவரும் எத்திட்டமும், எதைக் காட்ட அழைக்கிறதோ அதையே அழித்துவிடும்.

இதே மாவட்டத்துக் கொடைக்கானல் தரும் பாடம் கசப்பானது. ஓரிடத்தின் மண்ணும் நீரும் உயிர்களும் சீர்கெடாமல் ஏற்கக்கூடிய மக்கள் அளவே தாங்குதிறன் எனப்படும். அங்கே அதைப் பற்றிய பேச்சு நெரிசல் முற்றிய பிறகே எழுந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. அய்யலூரில் அந்த அளவைத் திறப்பதற்கு முன்பே வகுக்க இன்னும் வாய்ப்பிருக்கிறது.

வழிகாட்டும் முன்மாதிரியும் தொலைவில் இல்லை. தேக்கடியில், பெரியாறு புலிகள் காப்பகத்தில், 1990களின் இறுதியில் அமைந்த சூழல் மேம்பாட்டுக் குழுக்கள், முன்பு காட்டு மரங்களின் பட்டையைத் திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்களையே நடைப்பயண வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆக்கின; காடு நிலைத்தால்தான் வருமானம் நிலைக்கும் என்ற நிலை வந்தபோது காவலும் உறுதிப்பட்டது. தேவாங்கைத் தீய சகுனமாகவும் மாந்திரீகப் பொருளாகவும் கருதிக் கொன்ற வழக்கம் முழுதும் ஒழியாத வட்டாரத்தில், ஊர்க்காரர் ஒருவரே வருவோரிடம் அதன் வாழ்வை விளக்கிச் சொல்வது எந்த அறிவிப்புப் பலகையையும் விட ஆழமாகப் பதியும்.

எனவே, பகலில் உள்ளூர் வழிகாட்டியோடு சிறு குழுக்களாகக் காலடிப் பாதையில் நடப்பதோடு பொதுமக்கள் நுழைவு நிற்க வேண்டும். தேவாங்கைப் பகலில் காண்பது மிக அரிது என்பதை நுழைவாயிலிலேயே சொல்லிவிடுவது நேர்மை. கூசும் வெள்ளொளி இரவாடி விலங்குகளின் கண்களை வருத்துவதாலேயே ஆய்வாளர்கள் மங்கிய செவ்வொளியைப் பயன்படுத்துகின்றனர் எனும்போது, கைவிளக்குகளோடு இரவில் கூட்டத்தை அனுமதிப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. கட்டணத்தின் பெரும்பங்கு கிராம வனக்குழுக்களின் கணக்குக்கே சேர வேண்டும். அக்கணக்கு ஆண்டுதோறும் கிராம சபையில் வாசிக்கப்பட வேண்டும்.