வேனிலுடைக்கேற்ற தலைக்கோலம்

அணியென்பது உடலுக்குத் துணையோ சுமையோ என்னும் வினா எந்நாட்டார்க்கும் பொதுவாம். இவ்வினாவிற்கு ஜப்பானியரின் வேனிலுடையாகிய யுக்காத்தா ஒரு நல்விடை பகர்கின்றதென்பது எமது துணிபு.

யுக்காத்தா, உட்டுணி வையாது தைத்த மெல்லிய பருத்தி அங்கியாகும். பண்டு உயர்குடியினர் நீராவிக் குளியலின்போது உடுத்த நாராடையின் பெயரே அதன் பெயர்க்கு மூலம். எடோக் காலத்தில் (1603–1868) பொதுக் குளிப்பகங்கள் பெருகவே, அஃது எளியோர்க்கும் உரியதாயிற்று. இந்நாளில் ஜப்பானியர் கோடைகால வாணவேடிக்கை விழாக்களிலும், முன்னோரை நினையும் போன் விழாவின் ஆடல்களிலும் அதனை உடுத்து மகிழ்கின்றனர்.

இவ்வுடைக்கேற்ற தலைக்கோலம் யாது? கூந்தலைப் பிடரிக்கு மேலே தூக்கி முடித்தலே பெருவழக்கு. மகளிர் இவ்வங்கியின் கழுத்துப்பட்டியைப் பின்புறத்தே சிறிது தாழ்த்தி உடுப்பர். ஆதலின் கூந்தல் உயர்ந்தவழிப் பிடரியிற் காற்றுப்படும்; தலையெண்ணெய் துணியைக் கறைப்படுத்தாது; கழுத்தின் வடிவும் இனிது விளங்கும். அம்முடிப்பிற் செருகுவது கன்சாஷி என்னும் கொண்டையூசி. சிறு பட்டுத்துண்டுகளை மடித்து மலர்போற் சமைத்தனவும் அவற்றுள் உள. கையில் மூங்கிற் சட்டத்திற் றாளொட்டிய விசிறியும் சுருக்குப்பையும், வெறுங்காலிற் கெத்தா என்னும் மரப்பாதுகையும் கோலத்தை நிரப்பும். இவற்றுட் பயனற்றது ஒன்றேனும் உண்டோ?

நிற்க. இக்காலத்தார் சிலர் இவ்வுடைமேற் சல்லாத்துணியும் முத்துச்சரமும் பெரும்பூக்களும் ஒருங்கே ஏற்றுகின்றனர். அவர்தம் உவகையை யாம் பழித்திலேம். ஆயினும், வெம்மை தணிக்க வந்த உடையை வெம்மை மிகுக்குஞ் சுமையாக்குதல் முறையன்று.

வேறு சிலர், நெடுங்கூந்தல் இல்லார்க்கு இவ்வுடை பொருந்தாதென்பர். இதற்கும் யாம் உடன்படேம். 1871-ஆம் ஆண்டில் ஆடவர் தம் குடுமியைக் களைய ஜப்பானிய அரசு இசைவளித்தது. மறு ஆண்டிலேயே தோக்கியோ நகரிற் பெண்டிர் கூந்தலைக் குறைத்தல் விலக்கப்பட்டது. பழைய கொண்டையோ மெழுகிட்டு இறுக்கப்பட்டு, அடிக்கடி கழுவவும் இயலாததாய்ப் பொருட்செலவும் மிக்கதாயிருந்தது. அதனை விடுத்து எளிய முடிப்பை மேற்கொள்ளுமாறு தூண்ட, 1885-இல் மருத்துவரொருவரின் முயற்சியால் ஒரு சங்கம் தோன்றிற்று. ஒருத்தியின் கூந்தல் அளவை வகுக்கப் பிறர்க்கு உரிமை யாண்டையது? குறுங்கூந்தலினும் செவியருகே ஒற்றை மலரூசி அழகுறவே நிற்கும்.

புறவலங்காரத்தைக் குறித்து அப்போஸ்தலர் விடுத்த எச்சரிக்கையை நன்கறிந்த எம்மனோருட் சிலர், இவ்வாராய்ச்சியே வீணென்று கருதுதல் கூடும். அவ்வெச்சரிக்கை கடிந்தது செருக்கையே யென்பதும், தூய்மையும் அளவும் கொண்ட கோலம் அதற்கு மாறாகாதென்பதும் எமது கருத்து. ஓரணியைப் பூணுமுன், “நீ எமக்குச் செய்யும் உதவி யாது?” என்று வினவுக. விடையிறுப்பது தலைமேல் ஏறுக. விடையிலாதது பேழைக்கண்ணே கிடக்க.