எத்தனையாவது தலைமுறை?

தியானப் பகுதி: மத்தேயு 3:7-10



"பையன் நல்லவன்தான், ஐயா. வேலையும் இருக்கிறது. ஆனால் அவர்கள் முதல் தலைமுறை. நாங்கள் ஆறு தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள்."

திருமணப் பேச்சு ஒன்று முறிந்ததற்கான காரணத்தை ஒரு பெரியவர் இப்படி எனக்குச் சொன்னார். சொல்லிவிட்டு, நான் ஆமோதிப்பேன் என்று காத்திருந்தார். நான் ஆமோதிக்கவில்லை, ஆனால் மறுத்தும் பேசவில்லை. அந்த மௌனம் என் மனச்சாட்சியை உறுத்தியபடியால் இந்த வாரத் தியானத்தை எழுதுகிறேன். யாரைப் பற்றி எழுதுகிறேன் என்று தேடாதீர்கள். இந்த வார்த்தையை நான் ஒருவருடைய வாயிலிருந்து மாத்திரம் கேட்கவில்லை. முப்பது ஆண்டு ஊழியத்தில் பலருடைய வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

நம்முடைய சபையை எண்ணிப் பாருங்கள். திருநெல்வேலியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடித் தொழிற்சாலைகளுக்கும் பிழைக்க வந்து, திருவேற்காட்டில் மனை வாங்கிக் குடியேறியவர்கள் ஒரு பகுதியினர். கூவத்தின் கரையோரத் தெருக்களிலேயே பிறந்து, கருமாரியம்மன் கோயில் திருவிழாக்களைப் பார்த்து வளர்ந்து, பின்பு கிறிஸ்துவை அறிந்துகொண்டவர்கள் மற்றொரு பகுதியினர். ஞாயிற்றுக்கிழமையில் இருவரும் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறோம். திங்கட்கிழமை பெண் பார்க்கப் புறப்படும்போது மாத்திரம் தலைமுறைக் கணக்கு எழுந்து நிற்கிறது.

அந்தக் கணக்கில் இரண்டு பொய்கள் மறைந்திருக்கின்றன. விசுவாசம் நிலபுலனைப்போலத் தகப்பனிடமிருந்து மகனுக்கு வந்து சேரும் என்பது முதலாவது பொய். இரண்டாவது பொய் இன்னும் கொடியது. நம்மில் பலருக்குத் "தலைமுறை" என்பது, சாதி என்னும் சொல்லின்மேல் போர்த்திய வெள்ளை அங்கியாக இருக்கிறது. ஆறு தலைமுறைக் கிறிஸ்தவர் வேறு சாதியில் பிறந்தவராயிருந்தால், அந்த ஆறு தலைமுறையும் நம் கண்களுக்குத் தெரிவதில்லையே! அப்பொழுது "பழக்கவழக்கம் ஒத்துவராது" என்று வேறொரு அங்கியை எடுத்துப் போர்த்துகிறோம்.

வம்சப் பெருமை நமக்கு மாத்திரம் உரிய நோய் அன்று. அமெரிக்காவிலுள்ள மார்மன் சபையாரைப் பாருங்கள். 1847ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பிரிகாம் யங் என்பவருடைய தலைமையில் அவர்களுடைய முதல் கூட்டத்தார் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். 1856ஆம் ஆண்டில் கைவண்டிகளை இழுத்துக்கொண்டு நடந்தே வந்த இரண்டு கூட்டத்தார் பனியில் சிக்கி, 200க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அந்த முன்னோடிக் குடும்பங்களின் நாட்குறிப்புகளையும் வம்ச அட்டவணைகளையும் சந்ததியார் இன்றும் பேணுகிறார்கள். ஜூலை 24ஆம் நாளை முன்னோடிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். இறந்துபோன முன்னோருக்காக, உயிரோடிருப்பவர்கள் ஞானஸ்நானம் பெறுவதும் அவர்களுடைய வழக்கம். அந்த உபதேசத்தை நாம் ஏற்பதில்லை. வேதத்திற்கு ஒவ்வாதது என்று பிரசங்கமும் செய்கிறோம். ஆனால் நாம் செய்வது என்ன? அவர்கள் இறந்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறார்கள். நாமோ, இறந்துபோன பாட்டனார் பெற்ற ஞானஸ்நானம் நமக்கும் போதும் என்று இருக்கிறோம். இவ்விரண்டில் எது பெரிய தவறு என்று நீங்களே நிதானித்துப் பாருங்கள்.

அத்தனை பாடுகளைச் சகித்த அந்தச் சபையில், கறுப்பினத்தாருக்குக் குருத்துவம் 1978ஆம் ஆண்டு வரை மறுக்கப்பட்டிருந்தது. வம்சத்தைப் போற்றும் இடத்தில் யாருக்கோ ஒரு வாசல் அடைபடுகிறது. இதை அறிய நாம் அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. தஞ்சாவூருக்குப் போனால் போதும்.

நம் கீர்த்தனைப் புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் நாம் சந்திக்கும் பெயர் வேதநாயகம் சாஸ்திரியார். 1774ஆம் ஆண்டில் திருநெல்வேலியில் பிறந்தவர். சைவ வேளாளராயிருந்து கிறிஸ்தவரான தேவசகாயம் பிள்ளையின் குமாரர். சிறுவனாயிருந்தபோது சுவார்ட்ஸ் ஐயர் அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று வளர்த்தார். மன்னர் இரண்டாம் சரபோஜியின் இளமைத் தோழர். பெத்லகேம் குறவஞ்சியை இயற்றியவர். தமிழ் இசையைச் சபைக்குள் வாழவைத்தவர். 1864ஆம் ஆண்டில் அவர் மறைந்த பின்பும், அவருடைய சந்ததியார் சாஸ்திரியார் என்னும் பட்டத்தோடு தலைமுறை தலைமுறையாகக் கதாகாலட்சேபம் நடத்தி ஆண்டவரைப் பாடிவருகிறார்கள். தமிழ்க் கிறிஸ்தவத்தில் முன்னோடிக் குடும்பம் என்று ஒன்றைச் சுட்டவேண்டுமானால் இதைத்தான் சுட்டவேண்டும். அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறேன்.

ஆயினும் அதே வரலாற்றில் மற்றொரு பக்கமும் உண்டு. தஞ்சைச் சபையில் வெள்ளாளரும் ஒடுக்கப்பட்டோரும் ஒரே கூரையின்கீழ் இரண்டு பிரிவாக அமர்ந்திருந்தார்கள். 1820களில் வந்த இளைய மிஷனெரிகள் இதை மாற்ற முற்பட்டபோது, சாஸ்திரியார் அவர்களை எதிர்த்து எழுதினார். மிஷனெரிகள் செய்த கொடுமைகள் என்று அவர் நான்கைக் கூறினார்: பழைய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, விழாக்களில் பூவை விலக்கியது, ஆராதனையில் தமிழ்ப் பாடல்களை அகற்றியது, திருவிருந்திலும் சபையிலும் சாதிகளைக் கலந்தது. தமிழ்ப் பாடலுக்காக அவர் நின்றது சரியே. அதன் பலனை இன்று நாம் அனுபவிக்கிறோம். ஆனால் சாதிக்காக நின்றது சரியன்று. ஒரே மனிதர், ஒரே பேனா. ஒன்றில் சபையைக் கட்டினார், மற்றொன்றில் சபையின் நடுவே சுவரை எழுப்பினார்.

1833ஆம் ஆண்டில் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதி வேறுபாடு அறவே ஒழிய வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். இங்கே வேப்பேரியிலும் அங்கே தஞ்சையிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர் பலர் ஆராதனையை விட்டு வெளியேறினார்கள். சாதியை விட மனமில்லாமல் சபையை விட்டார்கள். அவர்களும் அன்றைக்கே இரண்டு, மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள்தான்!

இதற்கு முந்திய ஒரு பெயரையும் சொல்லவேண்டும்: இராஜநாயக்கன். தஞ்சை மன்னரின் படையில் பணியாற்றியவர். பறையர் சமூகத்தில், ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தமிழில் அச்சிடப்பட்ட சுவிசேஷங்களை வாசித்து உயிர்மீட்சி அடைந்து, தரங்கம்பாடி மிஷனின் உபதேசியாராகத் தஞ்சை நாடெங்கும் உழைத்தார். சுவார்ட்ஸ் ஐயர் இந்தியாவுக்கு வருமுன்னே அங்கே விதைத்தவர் அவர். 1733ஆம் ஆண்டில் வெள்ளாளராகிய ஆரோன் முதல் இந்தியப் புரொட்டஸ்டண்ட் குருவானவராக அபிஷேகம் பெற்றார். 1741ஆம் ஆண்டில் அடுத்த குருவைத் தெரிந்தெடுத்தபோது இராஜநாயக்கனின் பெயரும் எண்ணப்பட்டது. ஆனால் அவர் கையிலிருந்து மேல்சாதியார் திருவிருந்தை வாங்கமாட்டார்கள் என்று தியோகு என்பவருக்கே குருப்பட்டம் கொடுத்தார்கள். இராஜநாயக்கன் 1771ஆம் ஆண்டில் மரிக்கும் வரைக்கும் உபதேசியாராகவே இருந்தார். நம்முடைய குடும்ப வரலாறுகளில் இந்தப் பெயர் ஏன் வருவதில்லை? அவர் விதைத்ததின் கனியைப் புசித்தவர்களுடைய சந்ததியார்தான், இன்று மற்றவர்களைப் பார்த்து "முதல் தலைமுறை" என்கிறார்கள்.

"ஐயா, அப்படியானால் முன்னோரை மறந்துவிடச் சொல்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். ஒருபோதும் இல்லை. யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை நிறுத்தி, பிள்ளைகள் கேட்கும்போது அறிவிக்கும்படி யோசுவா கட்டளையிட்டார். ஆனால் அந்தக் கற்கள் பன்னிரண்டு கோத்திரத்தாரின் வீரத்தை அல்ல, தண்ணீரைப் பிளந்த தேவனுடைய வல்லமையையே அறிவித்தன. 78ஆம் சங்கீதத்தையும் வாசியுங்கள். அதுவும் ஒரு வம்ச வரலாறுதான். பிதாக்களின் முரட்டாட்டத்தையும் நன்றியின்மையையும் அது மறைக்கவில்லை. பிள்ளைகள் அந்தப் பிதாக்களைப் போல் ஆகாதிருக்கும்படியே அதைச் சொல்லுகிறது. நம் குடும்ப மலர்களிலோ புகைப்படமும் பட்டமும் பதவியும் இருக்கின்றன. பாவ அறிக்கைக்கு ஒரு பக்கமும் இல்லை.

"நாங்கள் சாதி பார்ப்பதில்லை, பழக்கவழக்கம்தான் பார்க்கிறோம்" என்பார் சிலர். அந்நிய நுகத்தில் பிணைக்கப்பட வேண்டாம் என்று பவுல் எழுதியது விசுவாசிக்கும் அவிசுவாசிக்கும் இடையிலுள்ள பேதத்தைக் குறித்தே. சமையலின் பேதத்தையும் சொந்த ஊரின் பேதத்தையும் அதற்குள் நுழைக்க நமக்கு அதிகாரம் கொடுத்தவர் யார்?

மத்தேயு முதலாம் அதிகாரத்தைப் பாருங்கள். நம் ஆண்டவருடைய வம்ச அட்டவணையிலேயே முதல் தலைமுறையினர் இருக்கிறார்கள். ராகாப் எரிகோவைச் சேர்ந்தவள். ரூத் மோவாபிய ஸ்திரீ. நம் பெரியவர்கள் அன்று பெத்லகேமில் இருந்திருந்தால், "பெண் நல்லவள்தான், ஆனால் முதல் தலைமுறை" என்று போவாசைத் தடுத்திருப்பார்கள். தாவீதுக்குப் பாட்டன் ஏது? ஆபிரகாம் எங்களுக்குத் தகப்பன் என்று சொல்லத் துணிந்தவர்களை நோக்கி யோவான்ஸ்நானன் என்ன சொன்னார்? தேவன் கல்லுகளிலிருந்தும் ஆபிரகாமுக்குப் பிள்ளைகளை எழுப்ப வல்லவர் என்றார். கோடரி மரங்களின் வேரருகே வைக்கப்பட்டிருக்கிறது என்றார். வேர் எத்தனை ஆழம் என்று அந்தக் கோடரி கேட்பதில்லை. கனி உண்டா என்றே கேட்கிறது.

தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளும் தாய் ஐனிக்கேயாளும் மாயமற்ற விசுவாசமுள்ளவர்கள். பவுல் அதை மகிழ்ச்சியோடு நினைவுகூருகிறார்; ஆனால் அதோடு நிறுத்தவில்லை. அது தீமோத்தேயுவுக்குள்ளும் இருக்கிறதென்று தாம் நிச்சயித்திருப்பதாகச் சேர்த்து எழுதுகிறார். இந்த நிச்சயத்தை உங்கள் பிள்ளைகளைக் குறித்து நான் எழுதக்கூடுமா?

நான் குற்றமற்றவனாக நின்று இதை எழுதவில்லை. நானும் நான்காம் தலைமுறைக் கிறிஸ்தவன். என் திருமணமும் "நம்ம ஆட்களா?" என்று விசாரித்த பிறகே நிச்சயிக்கப்பட்டது. இறையியல் படித்து முடித்த நான் அன்று வாய் திறக்கவில்லை. அது என் முன்னோர் செய்த பாவம் மாத்திரம் அன்று, என் பாவம். அதை உங்கள் முன்பாக அறிக்கையிடுகிறேன்.

ஆகையால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லுகிறேன். இனி திருமணக் காரியமாக என்னிடம் விசாரிக்க வருகிறவர்களுக்கு, அந்தப் பிள்ளையின் விசுவாசத்தையும் நடத்தையையும் குறித்து நான் அறிந்ததைச் சொல்வேன். எத்தனையாவது தலைமுறை, எந்த ஊர், எந்த ஆட்கள் என்று கேட்டால் பதில் சொல்லமாட்டேன். சிலர் என்மேல் வருத்தப்படலாம். அந்த வருத்தத்தைச் சுமக்க ஆயத்தமாயிருக்கிறேன்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த திருவிருந்து ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் உடனே வீடு திரும்பாதீர்கள். உங்களோடு முழங்காற்படியிட்ட முதல் தலைமுறை விசுவாசி ஒருவரிடம் சென்று, அவர் ஆண்டவரை எப்படி அறிந்துகொண்டார் என்று கேளுங்கள். வீட்டை இழந்தவர் உண்டு. தாயின் கண்ணீரைக் கண்டும் பின்வாங்காதவர் உண்டு. உங்கள் ஆறு தலைமுறைக்கு முன்பு, உங்கள் குடும்பத்திலும் ஒருவர் அப்படி நின்றார். யாரைக் குறித்துப் பெருமை பாராட்டுகிறீர்களோ, அவரும் முதல் தலைமுறைதான்.

ஜெபம்: எங்கள் பிதாக்களின் தேவனே, அவர்களை அழைத்த உமது கிருபைக்காக ஸ்தோத்திரம். அவர்கள் எழுப்பிய சுவர்களை நாங்கள் சுதந்தரமாக எண்ணிக் காத்துவந்த பாவத்தை மன்னியும். வேரைப் பார்த்துப் பெருமைகொள்ளாமல் கனிகொடுக்க எங்களுக்கு உதவிசெய்யும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்