வேகம் பெரிதா, சீர் பெரிதா?

வேகமே இக்காலத்தின் வேதம் என்பர். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன், கணிப்பொறித் திரையில் கார் ஓட்டத் தொடங்கும் வரை!

சூலக்கரையில் என் நண்பன் வீட்டு மாடியில், மேசையில் பொருத்திய ஸ்டியரிங்கும் காலடியில் பெடல்களுமாக ஒரு பந்தயக் கார் உருவாயிற்று. 'சிம் ரேசிங்' என்பது இதன் பெயர். 2014இல் வெளிவந்த 'அசெட்டோ கோர்சா' என்ற விளையாட்டில், இத்தாலி நாட்டின் மோன்சா தடத்தைத் தேர்ந்தோம். சுற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 5.8 கிலோமீட்டர். நேர்பாதையில் அம்பெனப் பறந்த நான், முதல் வளைவிலேயே தடத்தை விட்டு வெளியே பாய்ந்தேன். பத்துச் சுற்றில் நான் ஒழுங்காக முடித்தவை மூன்றே. அவற்றுக்குள்ளும் 12 வினாடி வேறுபாடு! நண்பனோ நிதானமாக ஓட்டிப் பத்தையும் முடித்தான், வென்றான்.

வீட்டில் புலம்பினேன். இளம்வயதில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர் என் அம்மா. "அவசரப்பட்டு அடுக்கினா, கலைச்சு மறுபடியும் அடுக்கணும்டா. ஒரே சீரா அடுக்கு, கை தானா வேகம் புடிச்சுக்கும்" என்றார். காரையே ஓட்டியறியாத அவர் சொன்னதுதான் எனக்கு வாய்த்த முதல் பயிற்சி.

அன்று முதல் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டேன். ஒரே கார், ஒரே தடம். வளைவுக்கு முன் நிற்கும் தூரப் பலகையை அடையாளமாகக் கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் பிரேக் மிதித்தேன். தாமதமாக மிதித்தால் டயரின் பிடிப்பெல்லாம் வேகத்தைக் குறைப்பதிலேயே செலவாகிவிடும், திரும்புவதற்கு மிச்சமிராது. பிழையின்றிப் பத்துச் சுற்று முடித்த பின்னரே பிரேக் மிதிக்கும் இடத்தைச் சிறிது தள்ளினேன். மூன்றே வாரத்தில் வேறுபாடு 2 வினாடிக்குள் அடங்கிற்று. வியப்பு என்னவெனில், என் மிக விரைவான சுற்றும் முன்னைவிட விரைவாயிற்று!

2005ஆம் ஆண்டு அமெரிக்க கிராண்ட் பிரீ பந்தயத்தில் டயர்ச் சிக்கலால் 14 கார்கள் விலக, ஆறே கார்கள் ஓடின. நம் கோவையின் நரேன் கார்த்திகேயன் நான்காவதாக வந்து, பார்முலா ஒன்றில் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார். வாய்ப்பு வந்தாலும், இறுதிக்கோடு வரை காரைக் கொண்டு சேர்ப்பவருக்கே புள்ளி அன்றோ? 2011இல் திரை விளையாட்டுப் போட்டியில் வென்ற பிரிட்டன் இளைஞர் ஜான் மார்டன்பரோ, 2013இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தம் பிரிவில் மூன்றாமிடம் பெற்ற அணியில் ஒருவரானார். ஒரு நாள் முழுதும் ஓடும் பந்தயத்தில் ஒரே ஒரு மின்னல் சுற்று எதற்குதவும்?

இது காலவிரயம் என்பார் உளர். கண்மூடித்தனமாக ஆடினால் விரயமே, மறுக்கவில்லை. ஆனால் சென்ற பருவத்தில் ஒரு தாளில் தோற்றவன் நான். தேர்வுக்கு முன்னிரவு விழித்துப் படித்ததும், வளைவு வந்தபின் பிரேக் மிதித்ததும் ஒன்றே என எனக்கு உணர்த்தியது இத்திரைதான். இப்போது அத்தாளை நாள்தோறும் ஒரு மணி நேரம் படிக்கிறேன். மறுதேர்வு முடிவு இன்னும் வரவில்லை. ஆயினும் இம்முறை தேர்வறையில் என் கை நடுங்கவில்லை.

மாணவ நண்பர்களே! முதலில் சுற்றை முடிப்போம். வேகம் தானே பின்தொடரும்.