லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்றால் தோட்டக்காரனா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு பட்டிமன்றம் நடக்கும். இரண்டே அணிகள்தான்: இன்ஜினியரிங், மெடிக்கல். இரண்டும் கிடைக்காதவர்களுக்கு பி.காம். என்ற ஆறுதல் பரிசு. இதற்கு நடுவில் ஒரு பையனோ பெண்ணோ "லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஆகப் போறேன்" என்று வாயைத் திறந்தால் போதும். "அஞ்சு வருஷம் படிச்சிட்டு புல்லுக்குத் தண்ணி ஊத்தப் போறியா?" என்று சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் கிளம்பி விடுவார்கள்.

இந்தக் கேள்வியில் இரண்டு தப்பு. முதலாவது, தோட்ட வேலையைக் கேவலமாக நினைப்பது. மண்ணைத் தொட்டுப் பார்த்தே செடிக்கு என்ன வேண்டும் என்று சொல்பவரின் அறிவு எந்த டிகிரிக்கும் குறைந்தது அல்ல. இரண்டாவது, இந்தப் படிப்பு என்னவென்றே தெரியாமல் தீர்ப்பு சொல்வது.

ஒரு மனையில் கட்டடம் போக மிச்சமிருப்பது எல்லாம் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டின் பொறுப்பு. மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே மண்ணுக்குள் இறங்கும், தரையை எவ்வளவு சாய்க்க வேண்டும், எந்த மரம் புயலைத் தாங்கும், சக்கர நாற்காலியில் வருபவர் எந்த வழியாகப் போவார்... இத்தனையும் வரைபடத்தில் வர வேண்டும். புல்வெளி கடைசியில்தான்.

நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கைப் பார்ப்பவர்கள் அது இயற்கையாக அமைந்த காடு என்றே நினைப்பார்கள். 1858-ல் நடந்த போட்டியில் ஓம்ஸ்டெட், வாக்ஸ் என்ற இருவரின் வரைபடம் வென்று, அதன்படி உருவான 843 ஏக்கர் அது. அங்கிருக்கும் ஏரிகள்கூட மனிதர் வெட்டியவை. சிங்கப்பூர் பிஷான் பூங்காவில் நேர்கோடாக ஓடிய கான்க்ரீட் கால்வாயை உடைத்து, வளைந்து நெளிந்து ஓடும் ஆறாக மாற்றி 2012-ல் திறந்தார்கள். மழை அதிகமானால் பூங்காவின் தாழ்வான பகுதியே வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும். மழை நின்றால் மறுபடியும் பிள்ளைகள் விளையாடலாம்.

நம்மூர் கதை என்ன? லாங் டேங்க் ஏரியைத் தூர்த்து 1920களில் தி.நகர் வந்தது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் பெரும்பகுதியைக் கட்டடங்களும் குப்பையும் விழுங்கிய பிறகு, 2022-ல் மிச்சத்துக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. 2015 வெள்ளத்தில் சென்னையே மூழ்கியது. 2016 வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ஒவ்வொரு முறையும் "வரலாறு காணாத மழை" என்று வானத்தைத் திட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுகிறோம். தரையை யார் திட்டமிட்டார்கள் என்று கேட்பவர் குறைவு!

"சரி, சம்பளம்?" நியாயமான கேள்விதான். ஆரம்பத்தில் பொட்டி தட்டுபவர் அளவுக்கு வராது. ஏன் வராது என்பதையும் பார்க்க வேண்டும். பில்டர் எல்லாச் செலவும் முடிந்து மிச்சமிருக்கும் பணத்தில் நாலு பனை வகைச் செடியும் ஒரு நீரூற்றும் வைத்து "லேண்ட்ஸ்கேப்பிங்" என்று விளம்பரம் செய்கிறார். வடிகால் சரியில்லாமல் கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தால் அந்த நஷ்டம் பில்டரின் கணக்கில் ஏறாது, வீடு வாங்கியவர் தலையில் விழும். செலவு ஒருவருக்கு, லாபம் வேறொருவருக்கு என்றால் சந்தை இந்த வேலைக்கு எப்படி நல்ல விலை கொடுக்கும்?

சட்டமும் சித்தப்பா மாதிரிதான் யோசிக்கிறது. 1972-ம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளக் கூடாது. ஆனால் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்டுக்கு அதில் விலக்கு. செடி, மரம், திறந்தவெளி சம்பந்தப்பட்ட வடிவமைப்பு செய்பவர் என்று ஒரு விளக்கத்தோடு முடித்துவிட்டது. தண்ணீரைப் பற்றி அந்த விளக்கத்தில் ஒரு வார்த்தை இல்லை. தகுதி இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே பெயர்ப்பலகை. இதை மாற்றாமல் "ஸ்பான்ஜ் சிட்டி" என்று பேசுவது வெறும் ஜல்லியடிப்பு.

ஆசை இருப்பவர்களுக்கு வழி இருக்கிறது. பிளஸ் டூவில் கணக்கு, நாட்டா தேர்வு, ஐந்து வருட பி.ஆர்க்., அதன்பின் இரண்டு வருட முதுநிலைப் படிப்பு. டெல்லி எஸ்.பி.ஏ., அகமதாபாத் செப்ட், சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் என்று இடங்கள் உண்டு. நீண்ட பாதைதான். ஆனால் டாக்டர் ஆவதற்கும் சி.ஏ. முடிப்பதற்கும் எத்தனை வருடம் ஆகிறது? அதற்கெல்லாம் காத்திருக்கும் பெற்றோர், பிள்ளை தண்ணீரையும் மண்ணையும் படிக்கிறேன் என்றால் மட்டும் ஏன் அவசரப்பட வேண்டும்?