அணு உலைக்கும் கரண்ட் வேண்டும்

பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டு, பக்கத்தில் அணுமின் நிலையமும் இருந்துவிட்டால், உலைக் கட்டடம் தாங்கியதா என்ற கேள்வியையே எல்லோரும் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் 2011 மார்ச் 11 அன்று வடகிழக்கு ஜப்பான் 9.0 அளவில் குலுங்கியபோது, அந்தக் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்த 11 உலைகளும் வடிவமைத்தபடியே தாமாக நின்றுவிட்டன. ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தில் அன்று ஓடிய மூன்று உலைகளும் அவற்றில் அடக்கம். அதன் பிறகு எந்த நிலையம் பிழைக்கும், எது அழியும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தவை உலைக்கு வெளியே இருந்த மின்கம்பிகளும் மின்மாற்றிகளும் சுவிட்ச் பலகைகளும்தான். நிலம் ஆடிய மறுகணமே அணுமின் நிலையம் மின்சாரம் கொடுப்பதை நிறுத்திவிட்டு மின்சாரம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. மீட்புத் திட்டம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். பல நாடுகளில் அப்படித் தொடங்குவதில்லை.

உலை நின்ற பிறகும் எரிபொருளுக்குள் கதிரியக்கச் சிதைவால் வெப்பம் பிறந்துகொண்டே இருக்கும். நின்ற நொடியில் அது முழுத்திறனில் 6, 7 சதவீதம். ஒரு நாள் கழித்து ஒரு சதவீதத்துக்கும் கீழே. சொற்பமாகத் தெரியும் இந்த வெப்பம், 1,380 மெகாவாட் வெப்பத்திறன் கொண்ட டாய்ச்சி முதல் உலையில் மறுநாளும் பல மெகாவாட்டாக இருக்கும். அதை வெளியேற்றப் பம்பு ஓட வேண்டும். பம்பு ஓடக் கரண்ட் வேண்டும். டாய்ச்சிக்கு வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரம் முழுவதையும் நிலநடுக்கம் துண்டித்துவிட்டது. மண்சரிவில் ஒரு மின்கோபுரமே சாய்ந்தது. டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. சுமார் 50 நிமிடத்தில் சுனாமி வந்து கீழ்த்தளங்களில் இருந்த ஜெனரேட்டர்களையும் பலகைகளையும் மூழ்கடித்தது. 13 ஜெனரேட்டர்களில் கடைசிவரை உதவியது ஆறாம் உலைக்குரிய, காற்றால் குளிரும் ஒன்றே ஒன்றுதான். ஐந்தாம், ஆறாம் உலைகள் தப்பியது அதனால்தான். மற்ற உலைகளில் ஊழியர்கள் கார்களிலிருந்து பேட்டரிகளைக் கழற்றிவந்து மீட்டர்களுக்கு இணைத்தார்கள். ஜெனரேட்டர் லாரிகள் அன்றிரவே வந்துவிட்டன. ஆனால் லாரி வந்தால் மட்டும் போதுமா? நனையாத பலகை எது என்று தேட வேண்டும். டன் கணக்கில் எடையுள்ள கேபிளை இருட்டில், பின்னதிர்வுகளுக்கு நடுவே, கையால் இழுத்து வர வேண்டும். மறுநாள் பிற்பகல் 3.30 வாக்கில் இரண்டாம் உலையின் பலகையில் இணைப்பு கொடுத்துவிட்டார்கள். 3.36க்கு முதல் உலைக் கட்டடம் ஹைட்ரஜன் வெடிப்பில் சிதறி, அந்தக் கேபிள் நாசமாயிற்று. வெளி மின்சாரம் அந்த வளாகத்துக்குத் திரும்பியது மார்ச் 20ஆம் தேதி.

பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தெற்கே, டாய்ச்சியை நடத்திய அதே டெப்கோ நிறுவனத்தின் ஃபுகுஷிமா டாய்னி நிலையம். நான்கு உலைகள், நான்கும் ஓட்டத்தில் இருந்தன. அங்கும் கடல் புகுந்தது. மூன்று உலைகளின் வெப்பத்தைக் கடலுக்குக் கடத்தும் பம்புகள் செயலிழந்தன. ஆனால் வெளியிலிருந்து வரும் மின்பாதைகளில் ஒன்று அறுபடாமல் இருந்தது. கட்டுப்பாட்டு அறையில் விளக்கு எரிந்தது, மீட்டர் முள் நகர்ந்தது, எந்த உலைக்கு அவசரம் அதிகம் என்று பார்த்து முடிவெடுக்க முடிந்தது. சுமார் 200 பேர் சேர்ந்து 9 கிலோமீட்டர் தற்காலிகக் கேபிளை ஏறக்குறைய ஒரே நாளில் போட்டு முடித்தார்கள். மார்ச் 15 காலைக்குள் நான்கு உலைகளும் குளிர்ந்து அடங்கின. டாய்னியில் அலையின் உயரம் குறைவு என்று சுட்டிக்காட்டுவார்கள், அது உண்மை. ஆனால் அந்த ஒற்றைப் பாதையும் போயிருந்தால் அந்த 200 பேரும் எந்தப் பலகையிலிருந்து கேபிளை இழுத்திருப்பார்கள்? நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்த ஒனகாவா நிலையத்திலும் ஐந்து பாதைகளில் ஒன்று மிஞ்சியது. உயரமான மேட்டில் கட்டியதுதான் அதைக் காப்பாற்றியது என்று புகழ்கிறோம். அந்த ஒரு பாதையையும் சேர்த்துப் புகழ வேண்டும்.

சரி, ஊருக்குக் கரண்ட் எப்படித் திரும்பியது? டொஹோகு மின் நிறுவனத்தின் பகுதியில் இருண்டுபோன 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் சுமார் 80 சதவீதத்துக்கு மூன்றே நாளில் விளக்கு எரிந்தது. கம்பத்தில் ஏறிய ஊழியர்களின் வேலை அது. டோக்கியோ வட்டாரத்தின் சிக்கல் வேறு: அங்கே உற்பத்தியே சுமார் 21,000 மெகாவாட் போய்விட்டது. மார்ச் 14 முதல் ஊரை ஐந்து குழுக்களாகப் பிரித்துச் சுழற்சி முறையில் மின்வெட்டு. நமக்குப் பழகிய கதைதான். மேற்கு ஜப்பானில் மின்சாரம் இருந்தும் கிழக்குக்குக் கொண்டுவர முடியவில்லை. கிழக்கில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60 ஹெர்ட்ஸ். 1890களில் டோக்கியோ ஜெர்மனியிலிருந்தும் ஒசாகா அமெரிக்காவிலிருந்தும் ஜெனரேட்டர் வாங்கியதன் மிச்சம். இரண்டையும் இணைக்கும் மாற்றி நிலையங்களின் திறன் அப்போது சுமார் 1,000 மெகாவாட். உலகின் முன்னணித் தொழில் நாடுகளில் ஒன்று, நூறாண்டுக்கும் மேலாகியும் அந்தக் குறுகிய வாசலைப் போதிய அளவு அகலப்படுத்தாமல் இருந்திருக்கிறது. கடைசியில் கைகொடுத்தவை பழுதுபார்த்து ஓட்டிய அனல் மின் நிலையங்களும் சிக்கனமும்தான். சுனாமி அடித்த ஹிரோனோ அனல் மின் நிலையம் ஜூலையிலேயே ஓடத் தொடங்கியது. பெரிய நுகர்வோர் 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அந்தக் கோடையில் அரசு கட்டாயமாக்கியது. கார் தொழிற்சாலைகள் வியாழன், வெள்ளி விடுமுறை விட்டுச் சனி, ஞாயிறு வேலை செய்தன.

இதை வைத்து அனல் மின்சாரமே கதி என்று வாதிட்டால் அது அரைகுறை. 2018 செப்டம்பர் 6 அதிகாலை ஹொக்கைடோ தீவில் நிலம் நடுங்கியபோது, தீவின் தேவையில் பாதியை ஒற்றை ஆளாய்ச் சுமந்த டொமாட்டோ-அட்சுமா அனல் மின் நிலையம் விழ, 18 நிமிடத்தில் தீவு முழுவதும் இருண்டது. ஆண்டுக்கணக்கில் நின்றுபோயிருந்த டொமாரி அணுமின் நிலையம்கூட, சேமித்த எரிபொருளைக் குளிர்விக்க டீசலை நம்ப வேண்டியதாயிற்று. நிலக்கரியோ யுரேனியமோ, சுமை முழுவதையும் ஓரிடத்தில் குவித்து, இணைப்புப் பாதைகளை ஒல்லியாக வைத்ததுதான் அங்கே குற்றம்.

இன்னும் வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. அணு உலைகளை மூடி வைப்பதற்கும் விலை இருக்கிறதே? இருக்கிறது. 2011இல் ஜப்பான் 31 ஆண்டுகளில் முதன்முறையாக வர்த்தகப் பற்றாக்குறையைச் சந்தித்ததில் எரிவாயு இறக்குமதிக்கும் பங்குண்டு. ஆர்மீனியாவின் கதை இதைவிடக் கொடியது. 1988 நிலநடுக்கத்தில் சேதமடையாத மெட்சமோர் நிலையத்தை அச்சத்தில் 1989இல் மூடினார்கள். பிறகு போரும் முற்றுகையும் சேர்ந்துகொள்ள, மக்கள் நாளுக்கு ஓரிரு மணி நேர மின்சாரத்தோடு பல குளிர்காலங்களைக் கழித்தார்கள்; 1995இல் ஓர் உலையைத் திரும்ப ஓட்ட வேண்டிவந்தது. ஆகவே உலைகளைத் திரும்ப இயக்கவே கூடாது என்பதல்ல என் நிலை. அவசரத்துக்கு அவை உதவா என்பதுதான். 2007 ஜூலை நிலநடுக்கத்தின்போது ஜப்பானில் டெப்கோவின் காஷிவாசாகி-கரிவா நிலையத்தில், வடிவமைப்பில் எதிர்பார்த்ததைவிட இரு மடங்குக்கும் மேலான அதிர்வைத் தாங்கி உலைகள் பத்திரமாக நின்றன. இருந்தும் ஏழு உலைகளில் முதலாவது திரும்ப ஓட 22 மாதம் ஆயிற்று. மூன்று உலைகள் அன்று நின்றவை, நின்றவைதான். சோதிக்கவும் நம்பிக்கையை மீட்கவும் அவ்வளவு காலம் தேவை. அதைச் சுருக்குவது ஆபத்து.

அந்த 2007 நிகழ்வில் கவனிக்க இன்னொன்றும் உண்டு. அங்கே எரிந்தது உலை அல்ல, வெளியே இருந்த ஒரு மின்மாற்றி. தீயணைப்புக் குழாய் உடைந்திருந்தது. அவசரக்கால அறையின் கதவு சிக்கித் திறக்கவில்லை. இந்த அவமானத்துக்குப் பிறகுதான் டெப்கோ தன் நிலையங்களில் தீயணைப்பு வண்டிகளை நிறுத்தியது; அதிர்வு தாங்கும் அவசரக்காலக் கட்டடத்தை டாய்ச்சியில் 2010இல் கட்டி முடித்தது. எட்டே மாதத்தில் டாய்ச்சி ஊழியர்கள் தங்கிப் போராடியது அந்தக் கட்டடத்தில். உலைக்குள் தண்ணீர் பீய்ச்சியது அந்த வண்டிகளைக் கொண்டு.

நம் நாட்டுக்கு வருவோம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமியில் கல்பாக்கம் அணுமின் நிலையத்தின் பம்பு அறைக்குள் கடல் புகுந்தபோது, ஓடிக்கொண்டிருந்த இரண்டாம் உலையைப் பத்திரமாக நிறுத்த முடிந்தது. ஒரு வாரத்தில் அது மறுபடி ஓடியது. பெருமைப்படலாம். ஆனால் நிலநடுக்க மையம் சுமத்ரா அருகே இருந்ததால் இங்கே மின்கோபுரம் சாயும் அளவுக்கு நிலம் ஆடவில்லை. வெளி மின்சாரமும் நிற்கவில்லை. அந்தத் தேர்வு இன்னும் நமக்கு வரவே இல்லை. கல்பாக்கம், கூடங்குளம் நிலையங்களுக்கு மின்சாரம் கொண்டுவரும் பாதைகள் எத்தனை துணை மின் நிலையங்களிலிருந்து வருகின்றன, எத்தனை தனித்தனி வழிகளில் வருகின்றன, பேரிடரில் ஜெனரேட்டர் லாரி வந்தால் அதை எந்தப் பலகையில், எவ்வளவு நேரத்தில் இணைப்பார்கள், அந்த ஒத்திகை கடைசியாக நடந்தது எப்போது? நம் எம்.பி.க்கள் நாடாளுமன்றத்தில் இவற்றைக் கேட்டு, பதிலை மக்கள் முன் வைக்க வேண்டும்.