காதோடு போகும் உத்தரவு

கார்த்திகைத் தீபத்தன்று திருவண்ணாமலையில் திரளும் லட்சக்கணக்கான மக்களின் இரைச்சலில், பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. இடுப்பில் மாட்டிய வாக்கி-டாக்கியில் போலீஸ்காரர் எதைக் கேட்பார்? அதற்காகத்தான் காதுக்குள் அடங்கும் ஒலிக்கருவியும், காலருக்குள் மறையும் மைக்கும் வந்திருக்கின்றன. தொண்டையின் அதிர்வைக் கொண்டே பேச்சை அனுப்பும் கருவியும் உண்டு. முணுமுணுத்தால் போதும், எதிரே நிற்பவருக்குத் தெரியாது.

காணாமற்போன பிள்ளையைத் தேடவும், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நெரிசல் முற்றுமுன் கூட்டத்தைத் திருப்பிவிடவும் இவை உதவுமானால், தாராளமாகக் கொடுக்கட்டும். கால் கடுக்க நிற்கும் கான்ஸ்டபிளும் நம் வீட்டுப் பிள்ளைதான்.

ஆனால் தோழர்களே, இக்கருவிகள் கோயில் கூட்டத்தோடு நிற்குமா? ஆலை வாசல் மறியலுக்கும் வரும். நிலத்தைக் காக்கத் திரளும் விவசாயிகளிடமும் வரும். மஃப்டியில் நம் நடுவே நிற்பவரின் காதிலும் இருக்கும்! செய்யாற்றை அடுத்த மேல்மாவில், சிப்காட்டுக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த ஏழு பேர்மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்ததை நம் ஜில்லா மறக்கவில்லை.

2018 மே மாதம் தூத்துக்குடியில், ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்த மக்களில் 13 பேர் போலீஸ் குண்டுக்குப் பலியானார்கள். மஃப்டியில் ஒருவர் வேன் மீதேறிக் குறிபார்த்ததை நாடே பார்த்தது. எச்சரிக்கையின்றிச் சுட்டார்கள், ஓடியவர்களையும் சுட்டார்கள் என்று நீதிபதி அருணா ஜெகதீசன் கமிஷனே சொன்னது. அறிக்கை 2022-இல் சட்டசபைக்கு வந்தது. கூட்டத்தைக் கலைந்துபோகச் சொல்லும் கட்டளை மக்கள் காதில் விழவேண்டும் என்பதே சட்டத்தின் பொருள். சுடு என்ற கட்டளை மட்டும் காதோடு காதாகப் போகலாமா? எந்த நிமிஷத்தில், யார் வாயிலிருந்து, என்ன வார்த்தையில் வந்தது என்பதை நாளை எப்படி நிரூபிப்பது?

சாத்தான்குளம் ஸ்டேஷனில் 2020 ஜூனில் தந்தையும் மகனும் வதைபட்டு மாண்டபோது, காமிராப் பதிவு தினமும் தானே அழியும்படி வைத்திருந்ததை மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட், எல்லா ஸ்டேஷன்களிலும் ஒலியோடு பதியும் காமிரா வேண்டும், பதிவை 18 மாதமாவது, முடியாத இடத்தில் குறைந்தது ஓராண்டாவது காக்கவேண்டும் என்றது. சுவருக்கு இந்த விதி என்றால் காதுக்கு ஏன் கூடாது?

இன்றைய டிஜிட்டல் வயர்லெஸ்ஸில், கன்ட்ரோல் ரூமிலேயே பேச்சை நேரத்தோடு பதிந்துவைக்க வழியுண்டு. ஆகவே செலவைச் சாக்குச் சொல்ல வேண்டாம். மக்கள் கூடும் இடங்களில் அதிகாரிகள் கொடுக்கும் ஒவ்வொரு உத்தரவையும் பதியவேண்டும். சொந்தக் கைப்பேசியில் உத்தரவிடுவதைத் தடுக்கவேண்டும். தடியடியோ துப்பாக்கிச் சூடோ நடந்தால் அன்றே அந்தப் பதிவை முத்திரையிட்டுக் கோர்ட்டில் ஒப்படைக்கவேண்டும். அடுத்த தீபத்துக்குக் கருவி வாங்கும் முன்பே சர்க்கார் இந்த விதியை வெளியிடட்டும்.